நானூறு கெஜத்துச் சம்பந்தி

யாகப்பன் மகள் ஞானமேரிக்கு நாலு வருசமாக ஒரு வரனும் தகையவில்லை. அதனால், அறுபத்தாறாம் வருசம் ஐப்பசியில் காரிமங்கலத்துச் சவுரியப்பன் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தபோது, அரூர்ப் பக்கத்துக் காட்டோர வீட்டில் மூன்று அடுப்பும் எரிந்தன, கண்ணுகளா.

சவுரியப்பனுக்கு வாயும் நீளம், தோளில் தொங்கிய ரைபிளும் நீளம். கறி வேகும்வரை சும்மா இருக்கமாட்டாமல் யாகப்பனோடு காடு பார்க்கக் கிளம்பினார். எதிர்ச்சரிவு மரவள்ளிக் கொல்லையை ஒரு காட்டுப்பன்றி கிளறிக்கொண்டிருந்தது.

"ரொம்பத் தூரமுங்க. ஓடையில எறங்கி, காத்துக்கு எதுரா போனா கிட்ட நெருங்கிரலாம்" என்றார் யாகப்பன்.

"கிட்டப் போயிச் சுட நான் எதுக்கு? நானூறு கெஜம் இருக்குமா? பாருங்க சம்பந்தி!"

வெடித்தது. பன்றி ஒரு துள்ளு துள்ளி, பின்னங்காலை இழுத்துக்கொண்டு உண்ணிச்செடிப் புதருக்குள் மறைந்தது.

"தப்பிச்சிருச்சு. வாங்க, சாப்பிடப் போலாம்."

யாகப்பன் போய் மண்ணைப் பார்த்தார். ரத்தம். விட்டுவிட்டால் அந்த ஜீவன் நாள்கணக்கில் கிடந்து துடிக்கும். விறகுக்கு வரும் பெண்களைக் கிழித்தாலும் கிழிக்கும். சுட்டவன்தான் தேடி முடிக்க வேண்டும், அதுவரை சோறு கூடாது என்பது அந்தக் காட்டு வேட்டைக்காரர் கட்டுப்பாடு. மாப்பிள்ளையின் அப்பனிடம் அதை எந்த வாயால் சொல்வது?

சொல்லிவிட்டார். "நீங்களும் வந்துதான் ஆவணுங்க."

"பொண்ணைப் பெத்தவன் பேசற பேச்சா இது?"

"பன்னிக்கு அது தெரியாதுங்களே."

மூன்று மணி நேரம் நடந்தார்கள். சவுரியப்பனின் சரிகை வேட்டியை முட்கள் முழம் முழமாக வாங்கிக்கொண்டன. ஒற்றைச் செருப்பை ஓடை கொண்டுபோயிற்று. சவுரியப்பன் வழியில் நாலு தரம் சம்பந்தத்தை முறித்தார். ஒவ்வொரு தரமும் யாகப்பனுக்கு மகளின் முகம் கண்ணில் வந்து நிற்கும். "சரிங்க. இங்க பாருங்க, இன்னொரு சொட்டு" என்று குனிந்துகொள்வார்.

பாறையிடுக்கில் பன்றி மூச்சிரைத்துக் கிடந்தது. பதினைந்தடி தூரந்தான். சவுரியப்பன் துப்பாக்கியைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கினார்.

"எங்கீங்க இருக்குது?"

"கண்ணு முன்னாடிதானுங்களே!"

சவுரியப்பன் குரல் தணிந்தது. "எனக்குப் பார்வை மங்கலுங்க. காலையிலயும் கருப்பா என்னமோ அசைஞ்சுது, சுட்டுட்டேன்."

"கம்பளி போத்திக்கிட்டு எங்க ஊராளு மாது கெழங்கு புடுங்கிட்டிருந்திருந்தா?"

சவுரியப்பன் துப்பாக்கியை இறக்கினார். யாகப்பன் அவர் முழங்கையைப் பிடித்து இன்னும் நாலடி முன்னால் நடத்தி, குழலை நேராக்கினார். ஒரே வெடி. பன்றி அடங்கியது.

சவுரியப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். கிழிந்த வேட்டியை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்:

"எம்மவனுக்கும் என்னாட்டம் வாய்தான் நீளம். கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போக ஆளு வேணும். உங்க பொண்ணும் உங்களாட்டம் புடிவாதமுங்களா?"

"என்னைவிட ஜாஸ்திங்க" என்று சொல்லிவிட்டு, யாகப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்பத் தையிலயே கோயில்ல கல்யாண ஓலை படிச்சிரலாம்." சவுரியப்பன் எழுந்து பன்றியின் முன்னங்காலைப் பிடித்தார். "தூக்குங்க, பசி உசுரு போவுது."