கண்ணாடி தெளியும் வரை

குளிர்காலம் வந்துவிட்டால் அத்தானுடைய காருக்கு ராஜ உபசாரம்தான். காலை ஆறரைக்கெல்லாம் எழுந்து, காது மூடும் குல்லாயை மாட்டிக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலுக்குப் போவார். சாவியைத் திருப்பினால் அது இருமும், செருமும், அப்புறம் பெரிய மனது பண்ணி ஓடத் தொடங்கும். "எழுந்திரு ராஜா, எழுந்திரு" என்று டேஷ்போர்டைத் தட்டிக்கொடுப்பார். கால் மணி நேரம் வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். அத்தான் உள்ளே உட்கார்ந்து ரேடியோ கேட்பார். அக்கா டீயைக் கொண்டுவந்து கார் ஜன்னல் வழியாக நீட்டுவாள். குடித்து முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்கு வேலைக்குக் கிளம்புவார்.

இத்தனையும் நடப்பது மாடியில் படுத்திருக்கும் மெக்கானிக்கின் ஜன்னலுக்கு நேர் கீழே.

மெக்கானிக், அக்காவுக்கு ஒரே தம்பி. அவன் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு போன பிறகு, "தனியா கெடந்து என்ன பண்ணப் போற? மேல வந்து இரு" என்று மாடி அறையைக் கொடுத்தவள் அக்கா. வாடகை கிடையாது, சாப்பாடும் கீழேதான். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்து, விடிகிற நேரத்தில்தான் அவனுக்குக் கண் அசரும். சரியாக அந்த நேரம் பார்த்து ராஜா எழுந்துகொள்வார். கட்டில் அதிரும், ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். ஒண்ட வந்தவன், சத்தம் போடாதீர்கள் என்று வீட்டுக்காரரிடமே போய்ச் சொல்ல முடியுமா? அதுவும் அக்கா புருஷனிடம்? மூன்று குளிர்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

நாலாவது குளிர்காலத்தில் ஒரு வழி கண்டுபிடித்தான். தூக்கம் கெடுகிறது என்று சொல்லத்தானே முடியாது, தொழிலைப் பற்றிச் சொல்லலாமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது ஆரம்பித்தான்.

"அத்தான், தினமும் வண்டிய நிக்க வச்சே ஓட விடுறீங்களே, அது நல்லதுன்னா நெனைக்கிறீங்க?"

"பின்ன? இந்தக் குளிர்ல அதுக்கும் உடம்பு சூடாக வேணாமா மாப்ள?"

"அதெல்லாம் அந்தக் காலத்து வண்டிக்கு. இப்ப அரை நிமிஷம் போதும். மெதுவா எடுத்தீங்கன்னா ஓட்டத்துலயே சூடாயிடும். சும்மா நிக்க வச்சா பெட்ரோல் சரியா எரியாம ஆயில்ல போய்ச் சேரும். இன்ஜினுக்கு நீங்களே விஷம் வைக்கிறீங்க."

"டாக்டரே சொல்லிட்டாரு, கேட்டுக்குங்க" என்று அக்கா கரண்டியும் கையுமாகச் சிரித்தாள். காதை வைத்துக் கேட்டே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான் என்பதால் வீட்டில் அவனுக்கு டாக்டர் என்று பெயர்.

அத்தானின் முகம் தொங்கிப்போனது. "நெஜமாவா? ராஜாவுக்கு நானா விஷம் வச்சேன்?"

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கொடுமையே அதுதான். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் சூடாவது இன்ஜின் மட்டும் இல்லை. ஹீட்டர் காற்றும் சூடாகி, முன் கண்ணாடியில் படிந்திருக்கும் உறைபனியைக் கரைத்துவிடும். அத்தான் ராஜாவை எழுப்புவதிலேயே குறியாக இருந்ததால், கண்ணாடி எப்படித் தெளிகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மெக்கானிக்குக்குத் தெரியும். அதையும் சேர்த்துச் சொன்னால் அத்தான் மறுபடியும் கால் மணி நேரம் உறும விடுவார் என்பதும் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்ததைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினான்.

மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கினான். அத்தானும் கால் மணி நேரம் கூடுதலாகப் படுத்தார். பனி லேசாக இருந்த நாட்களில் துணியால் துடைத்துவிட்டுப் போனார், ஒன்றும் ஆகவில்லை.

நாலாவது வாரம் ஒரு காலையில் தெருவே வெளுத்துக் கிடந்தது. அத்தான் ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையை எடுத்து, கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டினார். விரல் மரத்துப்போனது, நேரமும் ஆகிவிட்டது. அந்த ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தார். உள்ளே அவர் விட்ட மூச்சே அந்த ஓட்டையையும் மூடியது.

தெருமுனையில் ரொட்டிக்கடை. கடைக்காரம்மா தினமும் அந்த நேரத்தில்தான் ரொட்டித் தட்டுகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி, எதிர்ப்பக்கப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவாள்.

தகரத் தட்டுகள் சிதறும் சத்தத்தில்தான் மெக்கானிக் கண் விழித்தான். செருப்புகூடப் போடாமல் ஓடினான். ரோடு முழுக்க ரொட்டி. இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. கடைக்காரம்மா ஒருக்களித்துக் கிடந்தாள். அத்தான் அவள் தலையைத் தன் கம்பளியில் ஏந்தி வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

"தெரியலடா மாப்ள" என்றார். "வெள்ளையா இருந்துச்சு. எல்லாமே வெள்ளையா இருந்துச்சு."

அத்தான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் அவள் இரண்டு நாள் மூச்சு விட்டாள். மூன்றாம் நாள் அதுவும் இல்லை.

வழக்கு வந்தது. வக்கீல் வீட்டுக்கே வந்து மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார். "தெரியாம செஞ்சாரா, தெரிஞ்சே அலட்சியமா செஞ்சாரா? கேள்வி அவ்வளவுதான். தெரியாமன்னா லைசன்ஸ் போகும், அபராதம் கட்டணும். தெரிஞ்சேன்னா உள்ள போகணும்." பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார். "நீங்கதான் முக்கியம் தம்பி. சூடு பண்ண வேணாம்னு நான் சொன்னேன், கண்ணாடியப் பத்தி ஒண்ணும் சொல்லலன்னு நடந்ததைச் சொல்லுங்க. அது போதும்."

"சொல்றேன்" என்றான்.

"வேணாம் மாப்ள" என்றார் அத்தான். சிறுத்துப்போயிருந்தார். "ஓட்டுனது நான். உன்னை எதுக்கு இதுல இழுக்கணும்?"

"நீங்க சும்மா இருங்க" என்று அக்கா அதட்டினாள். "அவன் சொல்லுவான். என் தம்பி சொல்லுவான்." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை அவனால் தாங்க முடியவில்லை. ஏன் சொன்னான் என்பது அவளுக்குத் தெரியாது. தூக்கத்துக்காகச் சொன்னான் என்று உலகத்தில் அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

விசாரணை நாளன்று கோர்ட்டில் ஈரக் கோட்டுகளின் வாடை அடித்தது. முன் பெஞ்சில் ரொட்டிக்கடைக்காரர், இறந்தவளின் புருஷன், குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் கூண்டில் ஏறினான். நீதிபதி ஒரு வயதான அம்மா. குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"இந்த வண்டி இன்ஜினுக்குக் குளிர்ல எவ்வளவு நேரம் வேணும்?"

"அரை நிமிஷம் போதும் மேடம்."

"கண்ணாடி தெளிய?"

"அன்னிக்கு இருந்த பனிக்கு, பதினஞ்சு நிமிஷம்."

"அது உங்களுக்கு முன்னாடியே தெரியும் இல்லையா?"

"தெரியும் மேடம்."

"வண்டிய சூடு பண்ண வேணாம்னு இவருக்கு நீங்க சொன்னதா வக்கீல் எழுதிக் கொடுத்திருக்காரு. கண்ணாடி தெளியாம எடுக்காதீங்கன்னும் சொன்னீங்களா?"

அப்போதுதான் ரொட்டிக்கடைக்காரர் தலையைத் தூக்கினார். அவனைப் பார்த்தார். அந்த ஆள் அழக்கூட இல்லை, வெறுமனே பார்த்தார். இல்லை என்று சொன்னால், தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். அதற்கு என்ன பதில் சொல்வான்? எனக்குத் தூக்கம் வந்தது என்றா?

"சொன்னேன்" என்றான்.

அக்கா பெஞ்சிலிருந்து பாதி எழுந்தாள். வக்கீல் பேனாவை மூடினார். நீதிபதி அத்தான் பக்கம் திரும்பினார்.

"சொன்னாரா?"

அத்தான் மச்சினனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவனால் தாங்கியிருக்க முடியும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஆமா மேடம். சொன்னான். நான்தான் கேக்கல."

இரண்டு வருஷம் என்று தீர்ப்பானது.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா அவனைத் திட்டியிருக்கலாம், செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம். மூட்டை முடிச்சோடு வெளியே போடா என்று சொல்லியிருந்தால் அவன் நன்றியோடு போயிருப்பான். அன்றைக்கு ராத்திரியும் சாப்பாடு போட்டாள். வழக்கம்போல, கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தாள்.

முன்பக்கம் நசுங்கிய வண்டியைப் போலீஸ் திருப்பிக் கொடுத்தது. பழையபடி மாடி ஜன்னலுக்குக் கீழே, சுவரைப் பார்த்து நின்றது. அக்காவுக்கு ஓட்டத் தெரியாது.

அடுத்த வாரம் ஒரு காலை, ஆறரைக்குக் கட்டில் அதிர்ந்தது. அத்தான் வந்துவிட்டார் என்று ஒரு கணம் நினைத்து, சந்தோஷத்தில் துள்ளி எழுந்தான். ஜன்னலைத் திறந்தான். கீழே ராஜா உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே யார் என்று தெரியவில்லை, கண்ணாடி வெள்ளையாக இருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"காலையில எதுக்குக்கா வண்டிய ஓட விடுற?"

"அவரு வர்ற வரைக்கும் ராஜா கெட்டுப்போகாம இருக்கணும்ல" என்றாள். தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கால் மணி நேரம் நிக்க வச்சு ஓட விடுறேன். ஏன் டாக்டர், தப்பா?"

தப்புதான். வண்டியை அப்படிப் பாதுகாக்கவே கூடாது. தொழில் தெரிந்த எவனும் சொல்லிவிடுவான்.

"இல்லக்கா" என்றான்.

அன்றிலிருந்து தினமும் நடக்கிறது. சத்தம் கேட்டதும் அவன் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவான், படுத்திருக்க முடிவதில்லை. ஹீட்டர் காற்று பட்டு, கண்ணாடி அடியிலிருந்து மெல்லத் தெளிந்துகொண்டு வரும். முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள் தெரியும். அப்புறம் அத்தானுடைய கம்பளி. கடைசியில் அக்காவின் முகம். அதற்குச் சரியாகப் பதினைந்து நிமிஷம் ஆகும். அவள் எப்போதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியாது, தெளியும்போதெல்லாம் அவள் கண் மாடி ஜன்னல் மேலேயே இருக்கும்.