வலது பக்கம்

ஆபரேஷனில் எடுத்தது வலது பக்க மார்பு. வீடு திரும்பியதிலிருந்து சாந்தமேரி அங்கே பாசிப்பயற்றைத் துணியில் மூட்டை கட்டி, பிராவுக்குள் வைத்துச் சமாளித்து வந்தாள். போன வாரம் மூட்டையை எடுக்க மறந்து பிராவைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். கிள்ளானில் விடாத மழை. எடுத்துப் பார்த்தால் பயறு முளைவிட்டிருந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கணவரிடம் சொல்லலாமென்று ஹாலுக்குப் போனாள். அவளைக் கண்டதும் அம்புரோஸ் வழக்கம்போல ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார். சொல்லாமலே திரும்பிவிட்டாள்.

நல்ல மனுஷர்தான். ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்தவர். டாக்டர் பேச வந்தால் மட்டும் வராந்தாவுக்கு நழுவிவிடுவார். வீட்டிலும் அவர் பார்வை அவள் கழுத்துக்குக் கீழே இறங்கியதில்லை. படுக்கையையும் பின்னறைக்கு மாற்றிக்கொண்டார். அவளுக்கு இடைஞ்சலாக இருக்குமாம். இடைஞ்சல் என்று அவள் எப்போது சொன்னாள்?

இன்று அவளை, செயற்கை மார்பு விற்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிக் கடைக்குக் காரில் கொண்டுவந்து விட்டார். ஏறி வரவில்லை.

கடைக்காரி புனிதா சிலிகான் மார்புகளை ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் வைத்தாள். "கனம் பாருங்க ஆன்டி. லேசா எடுத்தீங்கன்னா தோள் ஒரு பக்கமா சாஞ்சிடும்."

கடைசியாக வைத்தது பிடித்திருந்தது. கையில் இருக்க இருக்கச் சூடேறியது. உள்ளே பை தைத்த பிராவில் அதைச் செருகிப் போட்டுக்கொண்டு குனிந்தாள், கையைத் தூக்கினாள். கண்ணாடியில் பழைய சாந்தமேரி நின்றாள்.

"கண்ணாடிய நம்பாதீங்க. உங்க உடம்பு தெரிஞ்ச ஆள் பார்த்துச் சொன்னாத்தான் பெர்பெக்ட். அங்கிள் கீழதானே? கூப்பிடுங்க லா."

போன் போட்டாள். "பார்க்கிங் இல்ல மேரி, இறங்குனா சம்மன் போட்டுடுவான். நீயே பார்த்து எடு."

புனிதா தள்ளி நின்று பார்த்து, "அழகா இருக்கு ஆன்டி," என்றாள். யாரோ ஒருத்தி சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதையே போட்டுக்கொண்டு இறங்கி வந்து காரில் ஏறினாள். பெல்ட்டை இழுத்து மாட்டியதும், அம்புரோஸ் பின்சீட்டிலிருந்து ஒரு குட்டித் தலையணையை எடுத்தார். பக்கத்துக் கடையில் இப்போதுதான் வாங்கினாராம். இறங்க முடியாதவர் அதற்கு மட்டும் இறங்கிப் போயிருக்கிறார். ரோட்டைப் பார்த்தபடியே அவளுடைய இடது மார்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவே அதைச் செருகினார்.

"பெல்ட் அழுத்தும்ல. ஆபரேஷன் பண்ண இடத்துல உரசக்கூடாது."

சாந்தமேரி அவர் முகத்தையே பார்த்தாள். பெரிய காரியத்தைச் செய்து முடித்த நிம்மதி அதில் தெரிந்தது. 'அந்தப் பக்கம் இல்லைங்க' என்பது வாய்வரை வந்தது. இத்தனை மாதத்தில் அவர் அவள் பக்கம் நீட்டிய முதல் கை அது.

"வலிக்குதா மேரி?"

"இல்லைங்க. இப்ப பரவால்ல."

கிள்ளான் போய்ச் சேரும்வரை, ஒன்றும் ஆகாத அந்த இடது மார்பின்மேல் தலையணையை நழுவவிடாமல் பிடித்துக்கொண்டே போனாள்.