வளைவில் காத்திருந்தவன்

1

இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. கற்பனை என்று சொல்லித் தப்பிக்கலாம்தான், ஆனால் உங்களிடம் எதற்குப் பொய்? காட்டுக்குள் போகும் மலைப்பாதை, நடுத்தர ஏற்றம், போய்வர ஐந்து மணி நேரம். நான் வாராவாரம் ஏறுகிறவன். அக்கா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், மலைப்பக்கமே போனதில்லை. "இந்த வாரம் நானும் வரேன்டா" என்று அவளாகவே கேட்டாள்.

2

முதல் தொடக்கம்: 'பனி விலகாத அதிகாலையில் காடு...' (அடித்துவிட்டேன். பனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சுள்ளென்று வெயில்.)

இரண்டாவது: வண்டியை நிறுத்தியதுமே அக்கா, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா" என்றாள்.

"மேல போய் நிதானமா பேசலாம்க்கா."

இது நடந்தது. இருக்கட்டும்.

3

நான் விறுவிறுவென்று ஏறி, வளைவில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பேன். அவள் மூச்சிரைக்க வந்து சேரும்போது என் களைப்பு ஆறியிருக்கும். "வந்துட்டியா? கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவேன். அவளுக்காகக் காத்திருப்பதாகத்தான் நினைத்தேன். ஓய்வெல்லாம் எனக்கு, அவளுக்கு நடை மட்டும். இந்தச் சின்னக் கணக்குகூட அன்று உறைக்கவில்லையே!

மூன்றாவது வளைவில், "நீ போய்ட்டு வா, நான் இங்கயே இருக்கேன்" என்றாள். போனேன். உச்சியில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டேன். இறங்கி வந்து, "என்னமோ சொல்லணும்னியே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, விடு."

அடுத்த மாதம் அவள் கணவரை விட்டு வந்துவிட்டாள். தோழி வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது.

4

முடிவு அ: நான் எழுந்திருக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்காருகிறாள். "கொஞ்ச நாள் உன் வீட்ல..." (வேண்டாம். இந்த வசனத்தை அவள் வாயில் வைக்க எனக்கு என்ன யோக்கியதை?)

முடிவு ஆ: அவள் என்னைக் கன்னாபின்னாவென்று திட்டுகிறாள். எனக்கு இதுதான் பிடித்திருந்தது. ஆனால் அக்கா திட்டவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

5

இதுவரை எழுதியதை அவளுக்கே அனுப்பினேன். போன் செய்தாள்.

"மூணாவது வளைவு இல்லடா. அஞ்சாவது."

"அன்னிக்கு என்னக்கா சொல்ல வந்தே?"

மாத்திரை அட்டைகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"இப்ப சொல்லி என்னத்துக்கு? நல்லாத்தான் எழுதியிருக்கே. கடைக்கு ஆள் வராங்க, வைக்கிறேன்."

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளைப் பேச வைப்பதற்கு முன்னால், தயவுசெய்து, கொஞ்சம் உட்கார விடுங்கள்.