ரா எழுத்தின் மேல் ஒரு சொட்டு

ஒன்பது வருஷமாக ஒருத்தனுடைய சத்தத்துக்கு நான் முகம் வரைந்துகொண்டிருந்தேன். அவன் பெயர் பாஸெல் குனைம், கிதார் வாசிப்பவன். அவனுடைய மெட்டல் இசைக் குழுவுக்கு ரஹ்மா என்று பெயர். கருணை என்று அர்த்தம். காது கிழிய வாசித்துவிட்டுக் கருணை என்று பெயர் வைத்துக்கொண்டதில் அவனுக்கு ஒரு குஷி.

நான் வேலை பார்ப்பது கெய்ரோவின் ஃபக்காலா பேட்டையில், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில். இரண்டு புறா, தங்கக் கொடி, மணமக்கள் பெயர், அடியில் எறும்பு அளவில் கடையின் பெயர். மதியம் கொஷரி சாப்பிட்ட டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, புறா வரைந்த அதே பேனாவால் மண்டையோடு வரைவேன். அம்மாவுக்கு விஷயம் தெரியும். வீட்டில் என் மேசையைத் தாண்டும்போதெல்லாம் படங்களின் மேல் ஒரு செய்தித்தாளைப் போட்டு மூடிவிட்டு, கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டே போவாள்.

ரஹ்மாவின் ஒவ்வொரு போஸ்டரும், ஒவ்வொரு டீ-ஷர்ட்டும், மேடைக்குப் பின்னால் தொங்கும் துணியும் என் கை வேலை. நான் கூலி கேட்டதில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. முதல் ஆல்பம் வரும்போது அட்டையின் உள்பக்கத்தில் 'ஓவியம்: ஷாஹினாஸ் லுத்ஃபி' என்று இருக்க வேண்டும். மெட்டல் கேட்கிறவர்கள் அட்டையைப் புரட்டி, வரைந்தது யார் என்று தேடுகிற ரகம். பெய்ரூத்திலும் துனிஸிலும் நான்கு குழுக்காரர்கள் என் பெயரைப் பார்த்தால் போதும், புறாக்களிடமிருந்து தப்பித்துவிடுவேன். பாஸெலும் ஒவ்வொரு முறையும் "சத்தியமா ஷாஹி" என்றான். ஒன்பது வருஷம் அந்தச் சத்தியத்தை நம்பினேன். மடச்சி என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

குழுவின் பெயரெழுத்துதான் என் பெருமை. எங்கள் அரபி எழுத்தில் பாதிக்கு உருவம் ஒன்றுதான், புள்ளிதான் ஆளை மாற்றும். ஆதியில் கூஃபி என்ற பழைய பாணியில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லை, தெரிந்தவன் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். நானும் அப்படியே செய்தேன். ரஹ்மாவின் நான்கு எழுத்துகளிலும் ஒரு புள்ளி கிடையாது. ஒவ்வொரு கோடும் முள்ளாகப் போய் முடியும். நாலு எழுத்துக்கு இரண்டு மாதம் ஆனது. கச்சேரிக்கு அனுமதி தரும் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேலி மாதிரி இருக்கு, போகட்டும்" என்று முத்திரை குத்தினார். கறுப்புச் சட்டை போட்டாலே சாத்தான் பூஜை என்று பயப்படும் ஊரில் அதைவிட நல்ல பாராட்டு கிடைக்காது.

கடைசியில் பெய்ரூத்தில் ஒரு கம்பெனி ஆல்பம் போட ஒப்புக்கொண்டது. அட்டைக்கு நான், ஊரிலேயே வண்டி ஓயாத அக்டோபர் பாலத்தை வரைந்தேன். பட்டப்பகல், ஆனால் பாலத்தில் ஒரு வண்டி இல்லை, ஒரு மனிதன் இல்லை. கெய்ரோவில் அதைவிடப் பயங்கரமான காட்சி எனக்குத் தோன்றவில்லை. பாஸெலுக்கு வாள் வேண்டுமாம். வலது பக்கம், குழுப் பெயரின் முதல் எழுத்தான ராவுக்கு நேர் மேலே, முனை கீழே பார்க்க ஒரு வாளைத் தொங்கவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ப்ரூஃப் வந்திருக்கிறது என்று உஸ்தா மெகாஹித் கூப்பிட்டார். எங்கள் கடையிலிருந்து இரண்டு சந்து தள்ளி அவருடைய அச்சகம். நாற்பது வருஷமாக மைக்குள்ளேயே வாழ்கிற மனிதர், அதனால் எல்லோருக்கும் உஸ்தா, தொழில் தெரிந்த மேஸ்திரி. முதலில் உள்பக்கத்தைத்தான் விரித்தேன்.

'ஓவியமும் வடிவமைப்பும்: பாஸெல் குனைம்.'

என் பெயர் இல்லாமல் இல்லை. கீழே நன்றிப் பட்டியலில், கிதார்க் கம்பி விற்கும் கடைக்கும் யாரோ ஒருவருடைய நாய்க்கும் நடுவில் இருந்தது. 'ஷாஹி, டீக்கும் சிரிப்புக்கும்.' லுத்ஃபி என்ற அப்பா பெயர்கூட இல்லை.

அங்கேயே நின்று பாஸெலுக்கு ஃபோன் போட்டேன்.

"கோவிச்சுக்காத ஷாஹி. எல்லாத்தையும் ஒரே ஆள் பண்ணினான்னு இருந்தா கதை நல்லா இருக்குமாம். கம்பெனிக்காரங்க சொல்றாங்க."

"நீ வரையவே இல்லையே."

"யோசனை என்னுதுதானே? கை மட்டும்தான் உன்னுது. அதான் நன்றி போட்டிருக்கேன்ல."

"டீக்கும் சிரிப்புக்கும்."

"அது நல்லா இருக்குல்ல?"

அவன் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான்.

"முன்பக்கம் பாத்தியா? வாள் முனையில ஒரு சொட்டு ரத்தம் வெச்சிருக்கேன், நானே. நீ வரைஞ்சது ரொம்ப சுத்தமா இருந்துச்சு, உசிரே இல்ல. இப்பப் பாரு."

பார்த்தேன். வாள் முனையிலிருந்து கழன்ற சிவப்புச் சொட்டு ஒன்று, உருண்டையாக, ரா எழுத்தின் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. மொத்தப் பெயரிலும் அது ஒன்றுதான் புள்ளி. ராவின் மேல் புள்ளி வைத்தால் அது ரா இல்லை, ஸா. ரஹ்மா போய் ஸஹ்மா ஆகிவிட்டது. தெருவில் எந்தச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், ஸஹ்மா என்றால் நெரிசல். டாக்ஸிக்காரன் ஒரு நாளைக்கு நூறு தடவை துப்புகிற வார்த்தை. ஒரு வண்டி இல்லாத பாலம், அதன் மேல் முள் முள்ளாக 'நெரிசல்'.

பாஸெலுக்கு அது தெரியவில்லை. அவன் பணக்காரர்கள் வாழும் ஸமாலிக் பேட்டைப் பிள்ளை, வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தாய்மொழியை ஃபோனில் ஆங்கில எழுத்தாலும் எண்ணாலும் தட்டுகிறவன், ஹாவுக்கு ஏழு போடுவான். ஒன்பது வருஷமாக என் எழுத்தை அவன் படித்ததே இல்லை, படமாகப் பார்த்தான்.

"வேற ஏதாவது கண்ணுல படுதா?" என்றான். "நீ சரின்னு சொன்னாதான் அடிக்கணும்னு உஸ்தாகிட்ட சொல்லியிருக்கேன். எழுத்து விஷயத்துல உன்னத்தான் நம்புறேன்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொட்டை ஒரு விரல் அளவு நகர்த்தினால் தீர்ந்தது.

"இல்ல. நல்லா இருக்கு" என்றேன்.

உஸ்தா மெகாஹித் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, ஸஹ்மான்னுல்ல இருக்கு?"

"கேட்டவங்க கேட்டபடி, உஸ்தா."

"பாலத்துல ஒரு கழுதை வண்டியக்கூட காணோம். என்ன நெரிசல்?"

"பணக்காரப் புள்ளைங்க. நமக்கெதுக்கு."

அவர் ப்ரூஃபை என் பக்கம் தள்ளினார். அப்புறம் பேனாவை நீட்டினார். "அப்ப கையெழுத்துப் போடு. நாளைக்கு என் தலையில விடியக் கூடாது."

போட்டேன். ஷாஹினாஸ் லுத்ஃபி, முழுப் பெயர். அந்த ஆல்பம் சம்பந்தப்பட்ட காகிதங்களில் என் பெயர் முழுசாக இருப்பது அந்த ஒரு தாளில்தான். எதற்கு என்று எனக்கும் உஸ்தாவுக்கும் தெரியும்.

வெளியீடு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊர் நடுவில் ஒரு திறந்தவெளி அரங்கில். அவன் அவமானப்படுவதைப் பார்க்கத்தான் போனேன், வேறு காரணம் சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்ளவில்லை. வாசலிலேயே சிரிப்புக் கேட்டது. டிக்கெட் கிழிக்கிறவன், "நெரிசல் பாக்க வந்தவங்க இந்தப் பக்கம், தள்ளாதீங்க, தள்ளினாத்தான் நெரிசல்" என்று கூவிக்கொண்டிருந்தான். பாஸெல் மேடையேறியதும் பின்வரிசையில் ஒருத்தன் வாயாலேயே கார் ஹாரன் அடித்தான். அது பரவியது. முந்நூறு பேரும் பீப் பீப் என்று அடித்துக்கொண்டே "ஸஹ்மா, ஸஹ்மா" என்று கத்தினார்கள்.

பாஸெலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் கிரில்லுஸ் எழுந்து வந்து அவன் காதில் ஏதோ சொல்லி, ஆல்பம் அட்டையையே பெரிதாக அடித்துப் பின்னால் தொங்கவிட்டிருந்த துணியைக் காட்டினான். பாஸெல் திரும்பிப் பார்த்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஒன்பது வருஷத்துக்கு எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு நொடிதான். வயிறு குளிர்ந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்புறம் அவன் மைக்கைப் பிடித்தான்.

"ஆமா. ஸஹ்மா. இந்த ஊர்ல கருணைக்கும் நெரிசலுக்கும் நடுவுல ஒரு சொட்டு ரத்தம்தான் இருக்கு."

அரங்கம் இடிந்து விழுந்துவிடும் போலிருந்தது. அவ்வளவு கைதட்டல். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் அழுதாள். பணக்காரப் பிள்ளைகள் கீழே விழுந்தாலும் மெத்தையில்தான் விழுவார்கள் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு மாதத்தில் சொட்டு வைத்த டீ-ஷர்ட் அதபா சந்தையில் போலியாகவே விற்கத் தொடங்கிவிட்டது. கச்சேரிகளில் பீப் அடிப்பது வழக்கமாகிவிட்டது. பாஸெல் பேட்டிகளில், அந்தச் சொட்டை எங்கே வைப்பது என்று மூன்று மாதம் தூங்காமல் யோசித்ததாகச் சொன்னான். ஆளில்லாத பாலத்தின் மேல் நெரிசல் என்று எழுதிய மேதையைப் புகழ்ந்து பெய்ரூத்தில் ஒருத்தர் இரண்டு பக்கம் எழுதினார். நான் என்ன சொல்வது? படம் என்னுடையது, சொட்டு அவனுடையது, எல்லோரும் பார்த்தது சொட்டை. உண்மையைச் சொன்னால் நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கையெழுத்து வேறு உஸ்தாவின் பெட்டியில் இருக்கிறது.

ஒரே ஒரு தடவை அவன் ஃபோன் செய்தான்.

"ஒண்ணு கேக்கணும் ஷாஹி. அன்னைக்கு ப்ரூஃப்ல நீயும் அதைக் கவனிக்கலையா?"

"கவனிக்கல."

"பாரேன். ஒன்பது வருஷமா எழுத்து எழுதுற, ஒரு புள்ளி உன் கண்ணுல படல." அவன் குரலில் கேலி இல்லை, பாவம் பார்க்கிற குரல். "அடுத்த ஆல்பத்துக்கு வேற ஆள் பாக்கலாம்னு இருக்கேன். தப்பா எடுத்துக்காத."

போன வாரம் கடைக்கு ஒரு ஜோடி வந்தது. மாப்பிள்ளை அந்த டீ-ஷர்ட்டைப் போட்டிருந்தான். நெஞ்சை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"பொண்ணு பேரு ரிஹாப். பத்திரிகையில இதே மாதிரி எழுத வருமா ஆன்ட்டி? அவ்ளோ வராது, தெரியும். கிட்டத்துல வந்தா போதும்."

சட்டையைப் பார்க்காமலேயே எழுதினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் தாளைச் சட்டைக்குப் பக்கத்தில் வைத்து, குனிந்து, முள்ளு முள்ளாக ஒப்பிட்டுப் பார்த்தான்.

"பரவால்ல. ஆனா அந்த ஆளோட கை வேற." விரலால் ராவின் தலையைத் தொட்டான். "இங்க ஒரு சொட்டு வைங்க, இதுல இருக்கிற மாதிரி."

"வெச்சா பொண்ணு பேரு மாறிடும் தம்பி."

"அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு?"

அந்தப் பெண்தான் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "என் பேரு என் பேராவே இருக்கட்டும். கல்யாணப் பத்திரிகைக்கு இது போதும்."

சரி என்றேன். எந்தப் புறா வேண்டும் என்று கேட்டு, இரண்டு பக்கமும் வைத்து, அடியில் எறும்பு அளவில் கடையின் பெயரைப் போட்டேன்.