சீழ் கேட்ட வைத்தியர்

எங்கள் இத்தாலிய நகரமான பொலோனியாவில் இரண்டு பெரிய குடும்பங்கள் மூன்று நாளாக வெட்டிக்கொண்டதில் எனக்குத் தூக்கம் போயிற்று. காயம் தைக்கும் தொழிலை என் கணவரிடம் கற்றேன். அவர் போனபின் ஒன்பது வருடமாகத் தனியாகச் செய்கிறேன். மூன்றாம் நாள் மதியம், அவித்த மொச்சையை வாயில் வைக்கப் போகும்போது, வைத்தியர் பொன்ஃபீல்யோவை ஒரு கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிவந்தார்கள். கூடவே அவர் மனைவி ஜிஸ்லா. சண்டைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. தெருவில் போனவரின் தொடையை, கூரையிலிருந்து யாரோ எறிந்த ஓடு கிழித்துவிட்டது.

தம் மாணவர்கள் முன்னால், "காயத்தைத் திராட்சை மதுவால கழுவி உடனே தைக்கிறாளே அந்தப் பொம்பளை, விஷத்தை உள்ள வெச்சுப் பூட்டுறா" என்று என்னைப் பற்றிப் பேசியவர் இவர்தான்.

நான் மதுக் குடுவையை எடுத்தேன்.

"அதைக் கீழ வை," என்றார். முகம் வெளுத்திருந்தது. "தைக்கக் கூடாது. களிம்பைத் திணிச்சுத் திறந்தே விடு. சீழ் பிடிச்சாத்தான் ஆறும்."

"என் வீட்டுக்காரரும் ரொம்ப வருஷம் அப்படித்தான் செஞ்சார், ஐயா. அதுல எத்தனை பேரைப் புதைச்சோம்னு எனக்குத் தெரியும்."

"வைத்திய நூல் படிக்க உனக்கு லத்தீன் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

வேறொரு நாளாக இருந்தால் மல்லுக்கு நின்றிருப்பேன். அன்று நிற்கவே தெம்பில்லை. "கால் உங்களோடது," என்று சொல்லிவிட்டு அவர் கேட்டபடியே களிம்பைத் திணித்தேன். அவர் சொன்னார்தான், ஆனால் செய்தது என் கை.

ஐந்தாம் நாள் ஜிஸ்லா வந்து கூப்பிட்டாள். அவர்கள் வீட்டு மாடிப்படியிலேயே நாற்றம் அடித்தது. அவர் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"சீழ் வந்திருச்சு," என்றார். பெருமையில் சொன்னாரா பயத்தில் சொன்னாரா, தெரியவில்லை. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "உன் இஷ்டப்படி செய்."

ஜிஸ்லா அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அழுகிய சதையை வெட்டி எடுத்தேன். சூடான மதுவை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். நல்ல ரத்தம் கசிகிறவரை விடவில்லை. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்க முடிந்தது.

திராட்சை அறுவடையின்போது ஜிஸ்லா தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குலை வெட்டும் கத்தி தங்கையின் உள்ளங்கையில் ஆழமாக இறங்கியிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"சீழ்தான் தன்னைக் காப்பாத்துச்சுன்னு பசங்களுக்குப் பாடம் நடத்திட்டு இருக்கார்," என்றாள். "நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இடுப்புதான் வலித்தது.

"இவளுக்கு எப்படிச் செய்யட்டும்?"

ஜிஸ்லா குரலைத் தாழ்த்தினாள். "கழுவித் தைச்சிருங்கக்கா. அவர் கேட்டா, அடுப்புல கையைச் சுட்டுக்கிட்டாள்னு சொல்லிக்கிறேன்."

ஊசிக் காதில் நூல் நுழைய மாட்டேன் என்றது. கண் அவ்வளவு சோர்ந்திருந்தது. ஜிஸ்லா ஊசியை வாங்கி, நூலின் நுனியை எச்சிலில் நனைத்துக் கோத்துக் கொடுத்தாள்.