ஐந்தாம் ஆண்டு வரைக்கும் ஒரு புத்தகப்பை

ஜெனீற்றா மகளுக்கு எதை வாங்கினாலும் இரண்டு வயது கூட்டித்தான் வாங்குவாள். போன நத்தாருக்குத் தைப்பித்த சட்டை இந்த வருடமும் டிலக்சனாவின் கணுக்காலைத் தொட்டுக்கொண்டுதான் கிடந்தது. யாரும் கேட்டால், "வளருற பிள்ளை" என்பாள். பிள்ளை வளர்ந்துகொண்டுதான் இருந்தாள். தாயின் வேகத்துக்குத்தான் அவளால் வளர முடியவில்லை.

வருகிற தவணைக்கு டிலக்சனா முதலாம் ஆண்டு. பெற்றோர் கூட்டத்தில் றஞ்சனி ரீச்சர் விளக்கமாகச் சொல்லியிருந்தார். பை பிள்ளையின் முதுகைவிட அகலமாக இருக்கக் கூடாது. இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது. தோள்பட்டி அகலமாக, மெத்தென்று இருக்க வேண்டும். வெறும் பையே பாரமென்றால் வாங்கவே வேண்டாம். ஜெனீற்றா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மற்றத் தாய்மாருக்குத்தான் ரீச்சர் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை, மகளையும் கூட்டிக்கொண்டு அல்லைப்பிட்டியில் பஸ் ஏறி ஊர்காவற்றுறைக்குப் போனாள். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பஸ்ரியாம்பிள்ளையின் கடை. முகட்டில் பைகள் வௌவால் மாதிரித் தொங்கின. அவர் தடியால் ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டினார். எல்லாமே அவளுக்குச் சின்னதாகத் தெரிந்தன.

"அண்ணை, அந்த மூலையில கிடக்கிற நீலம்?"

"அது வெளிநாடு போற ஆக்களுக்கெண்டு எடுத்தது தங்கச்சி" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. சொன்ன பிறகுதான், அந்தப் பையை இதுவரை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. "எண்டாலும் நல்ல சாமான். ஐஞ்சாம் ஆண்டு வரைக்கும் கிடக்கும்."

ஜெனீற்றா பையை மகளின் முதுகில் மாட்டிவிட்டுக் கையை எடுத்தாள். டிலக்சனா ஒரு கணம் நின்றாள். பிறகு மெல்லப் பின்பக்கம் சரிந்து, பையோடு சேர்ந்து நிலத்தில் இருந்தாள்.

"போடப் போடப் பழகியிடும்" என்றாள் தாய்.

பையைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தல் பார்க்க அலுமாரிப் பக்கம் போனாள். மூடி ஒழுகுமா ஒழுகாதா என்று பஸ்ரியாம்பிள்ளையோடு கதைத்துவிட்டுத் திரும்பினால், பிள்ளையைக் காணவில்லை. வெளியே யாழ்ப்பாணம் போகிற பஸ் உறுமிக்கொண்டு புறப்பட்டது.

ஜெனீற்றா போத்தலும் கையுமாக ஓடிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றாள்.

"என்ர பிள்ளை உள்ளுக்கை ஏறியிட்டாள்."

பஸ் நின்றது. சனம் எழும்பி இருக்கைகளுக்குக் கீழே பார்த்தது. ஒருவர் தன் கோழிப்பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு மனிசி தன்னுடைய மரக்கறிப் பையையே திறந்து பார்த்தாள்.

"பிள்ளை என்ன உயரம் அக்கா?" என்று கேட்டான் கொண்டக்டர்.

ஜெனீற்றா கையைத் தன் நெஞ்சு மட்டத்தில் வைத்தாள். வைத்ததும் ஏதோ பிழையாகப் பட்டது. கையை வயிற்றுக்கு இறக்கினாள். அதுவும் சரியில்லை. காலையில் பிள்ளை அவளைக் கட்டிப்பிடித்து நின்றபோது தலை முட்டிய இடம் நினைவு வந்தது. கை இடுப்புக்கு வந்து நின்றது. இவ்வளவுதான் பிள்ளை. இவ்வளவு சின்னப்பிள்ளை.

அப்போது கடை வாசலில் இருந்து பஸ்ரியாம்பிள்ளை கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒருக்கா வாரும். பாக் தும்முது."

ஓடிப்போய்ப் பையின் மேல்மூடியைத் தூக்கினாள். டிலக்சனா உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு வசதியாக இருந்தாள்.

"அம்மா, இதுக்கை இன்னும் இடம் கிடக்கு" என்றாள்.

ஜெனீற்றா அவளைத் தூக்கி இறுக்கி அணைத்தாள். திரும்பிப் பார்த்தால், பஸ்ஸில் இருந்த சனம் முழுக்கக் கடைக்குள் நின்றது. பிள்ளையைக் கண்டாயிற்றே என்று ஒருவரும் போகவில்லை. பிள்ளைக்கு ஒரு பை எடுத்துக் கொடுக்காமல் போகிற யோசனை அவர்களுக்கு இல்லை.

"சில்லுப் பூட்டினதை எடும் பிள்ளை, இழுத்துக்கொண்டு போகலாம்" என்றார் கோழிப்பெட்டிக்காரர்.

"எங்கட ஒழுங்கை முழுக்க மணல் அண்ணை. சில்லு புதைஞ்சு போம்."

"வெளிர் நிறம் வேண்டாம், தோய்ச்சு மாளாது" என்றாள் மரக்கறி மனிசி.

டிரைவரும் இறங்கி வந்து, பச்சை நிறத்தில் ஒரு சின்னப் பையை எடுத்து, பட்டிகளை இழுத்துச் சரிபார்த்துப் பிள்ளைக்கு மாட்டினார். கொண்டக்டர் அதற்குள் நாலைந்து கொப்பிகளை வைத்தான். டிலக்சனா கடையின் அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்கும் நடந்தாள், குனிந்தாள், துள்ளினாள். பை முதுகோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது.

பிறகு கழற்றி, அதற்குள் தலையை விட்டுப் பார்த்தாள். "இதுக்கை நான் போக ஏலாது" என்றாள் கவலையோடு.

"அப்ப அதுதான் அளவு" என்றார் டிரைவர்.

ஜெனீற்றா பையை வாங்கித் தையலைப் பார்த்தாள். பட்டியை அமத்திப் பார்த்தாள். கடைசியில் மெதுவாக, "அண்ணை, இதிலை ஒரு அளவு பெரிசு கிடக்கோ?" என்று கேட்டாள்.

பஸ் சனம் முழுக்க அவளைப் பார்த்தது.

"சும்மா கேட்டனான்" என்றாள்.

அல்லைப்பிட்டி வழியாகப் போகிற அதே பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தார்கள். டிலக்சனா பச்சைப் பையைக் கழற்ற மறுத்து, இருக்கையின் நுனியில் இருந்தபடியே நித்திரையாகிப் போனாள். அடுத்து வந்த நாட்களிலும் அது அவள் முதுகை விட்டு இறங்கவில்லை. கிணற்றடிக்கும் அதோடுதான், பூசைக்கும் அதோடுதான். பள்ளிக்கூடம் தொடங்க முதலே பை பழசாகிப் போகுமென்று ஜெனீற்றா கத்திக் களைத்தாள்.

தவணை தொடங்கிய அன்று, வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாம் தாய்மாரின் சீலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். டிலக்சனா திரும்பியும் பாராமல் உள்ளே போனாள். பைக்கு மேலே தலையும், கீழே இரண்டு காலும் நன்றாகவே தெரிந்தன. ஜெனீற்றாதான் மதிலோரம் நின்று, வகுப்பு மணி அடித்த பிறகும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.