அந்தோணியார் சுவிட்ச்

மேட்டுப்பட்டி இஞ்ஞாசியம்மாள் டீச்சருக்குத் திண்டுக்கல்லில் பாதிப் பேருடைய டெலிபோன் நம்பர் மனப்பாடம். முப்பத்தாறு வருஷம் கணக்கு நடத்திய மூளை எழுபத்து மூன்று வயதிலும் பிசகவில்லை. பிசகியது விரல்தான். நடுக்கத்தில் ஒரு பொத்தானுக்கு இரண்டாக அமுங்கி, டாக்டருக்கு அடித்தால் கோழிக்கடைக்காரர் எடுப்பார். "எத்தன கிலோ டீச்சர்?" என்று கேட்பவரிடம் ராங் நம்பர் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. அந்த மாதம் மட்டும் நாலு தடவை கோழி வாங்கினார்.

சென்னையிலிருந்து மகள் டெய்சி கறாராகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கெழம வாரேன். ஒரு போனு ஒழுங்காப் போட்டுக் காட்டுங்க. இல்லாட்டி என்னோட கெளம்புங்க."

சென்னையில் மகளுடைய மூன்றாவது மாடி வீட்டில் போய் அடைந்து கிடக்க டீச்சருக்கு இஷ்டமில்லை. பேகம்பூரில் ரேடியோ கடை வைத்திருக்கும் அக்பர் அலிக்கு ஆள் விட்டார். அவரும் ஒரு காலத்தில் டீச்சரிடம் பிரம்படி வாங்கியவர்தான். போனைப் பிரித்து, ஒயரை வெளியே இழுத்து, மரப்பெட்டி ஒன்றில் நாலு பெரிய காலிங்பெல் சுவிட்சுகளைப் பொருத்தினார். ஒன்றை அமுக்கினால் ஒரு நம்பர் தானாகப் போகும். முதல் மூன்றுக்கும் டெய்சி, டாக்டர், ஆட்டோக்கார அருளப்பன் ஆகியோரின் போட்டோவை ஒட்டினார். நாலாவது அக்பர் அலியின் கடை நம்பர். அதற்குத் தன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை நீட்டினார்.

"ஏலே, ஒன் மூஞ்சிய வேற தெனமும் நான் பாக்கணுமா?" டீச்சர் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்த அந்தோணியார் படத்தை எடுத்து ஒட்டினார். "காணாமப் போனதக் கண்டுபிடிச்சுத் தர்றவரு. என் கண்ணாடிய எத்தன வாட்டி நீ தேடிக் குடுத்திருக்க? ரெண்டு பேருக்கும் ஒரே வேலதான்."

ஞாயிறு பூசை முடிந்ததும் டெய்சி எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "வழுக்கி விழுந்துட்டீங்கன்னு வைங்க. யாரக் கூப்புடுவீங்க?"

டீச்சர் யோசிக்கவே இல்லை. ரிசீவரை எடுத்து நாலாவதை அமுக்கினார்.

"அந்தோணியாரா!" டெய்சி தலையில் அடித்துக்கொண்டாள். "விழுந்து கெடக்கயில ஆளக் கூப்புடுவீங்களா, ஜெபம் பண்ணுவீங்களா? போதும்மா, துணிய எடுத்து வைங்க."

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அவளே அலமாரியைத் திறந்துவிட்டாள். நாலு சேலை இறங்கவில்லை, வாசலில் மொபெட் சாய்ந்து விழும் சத்தம் கேட்டது. காலில் செருப்பில்லாமல், கையில் ஸ்க்ரூடிரைவரோடு அக்பர் அலி உள்ளே ஓடிவந்தார்.

"எங்க விழுந்தீங்க டீச்சர்? போன்ல அந்தோணியாருங்குறாங்க, விழுந்துங்குறாங்க, ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு!"

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு நிமிசம். நீ மெட்ராசுலருந்து வர எம்புட்டு நேரமாகும் டெய்சி?"

டெய்சிக்குச் சுருக்கென்றது. அக்பர் அலிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை.

"அண்ணே, அந்தோணியார மொத சுவிட்சுக்கு மாத்திருங்க," என்றாள். "நான் நாலாவதுல இருந்துக்கிறேன்."